செவலையின் கொடி

சவரியம்மாளின் செவலை பொட்டைக்கன்று போட்டிருக்கிறது என்று கேட்டதும் ஜெயராணிக்கு வயிறு எரிந்தது. எரிச்சல் ஒன்றும் புதிதல்ல. பத்து வருஷமாக உமிபோல உள்ளே கனிந்துகொண்டிருந்ததுதான். அன்றைக்கு நன்றாகப் புகைந்தது.

இரண்டு பேரும் ஓரகத்திகள். மூத்தவர் அந்தோணிசாமியின் மனைவி சவரியம்மாள். இளையவன் சார்லஸின் மனைவி ஜெயராணி. புவனகிரியைத் தாண்டி வெள்ளாற்றின் கரையில், ஒரே வாசலில் இரண்டு வீடு. கைப்பம்பு ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, வைக்கோல் போர் ஒன்று. மாட்டுக்கொட்டகை மட்டும் ஆளுக்கு ஒன்று.

ஜெயராணி திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவள், பி.காம். படித்தவள். கல்யாணமாகி வந்தபோது சாணியைக் கண்டால் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். சார்லஸுக்குச் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வாரத்தில் பாதி நாள் ஆள் வீட்டில் இருக்கமாட்டான். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், செல்போனில் பார்த்தும் டாக்டரைக் கேட்டும் மாடு வளர்க்கக் கற்றுக்கொண்டாள். கருப்பி என்ற கலப்பின மாட்டைப் பிடித்து, தீவனத்தைத் தராசில் நிறுத்துப் போட்டாள். சவரியம்மாள் ஏழாவதில் படிப்பை விட்டவள். “ஜெயா, தாது உப்பு எவ்ளோ போடணும்? ஊசி எப்ப போடணும்?” என்று கேட்டுக் கேட்டு அவளும் மாடு வளர்த்தாள். கையால் அள்ளித்தான் போட்டாள். விளங்கியது என்னவோ அள்ளிப் போட்டவள் கைக்குத்தான்.

எல்லாவற்றிலும் அப்படித்தான் நடந்தது. ஒரே முருங்கையில் ஆளுக்கொரு கிளை ஒடித்து நட்டார்கள். சவரியம்மாளுடையதில் காய் தொங்கியது, ஜெயராணியுடையதில் கம்பளிப்பூச்சி தொங்கியது. பால் சொசைட்டியில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நிற்பார்கள். பாலைச் சோதிக்கிற மெஷினில் எண் விழும்போது ஜெயராணியின் கண் தன் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அடுத்தவள் எண்ணைப் பார்த்துவிடும்.

செவலையை அந்தோணிசாமி கோடையில் சந்தையிலிருந்து சினையாகப் பிடித்து வந்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம். “மாட்ட வாங்கியாந்தீங்களா மாமா, கட்டில வாங்கியாந்தீங்களா?” என்று ஜெயராணி கேட்டு, வாசலே சிரித்தது. சவரியம்மாளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தக் கட்டில்தான் இப்போது பொட்டைக்கன்று போட்டிருக்கிறது. கருப்பி இரண்டு ஈத்தும் காளைக்கன்றாகப் போட்டதில் மனம் வெறுத்து, ஜெயராணி இந்தத் தடவை பொட்டைக்கன்றுக்கென்றே வந்திருக்கிற ஊசியை டாக்டரிடம் சொல்லிவைத்துப் போட்டிருந்தாள். சினை பிடித்து நாலு மாதம் ஆகியிருந்தது. தான் இவ்வளவு பாடுபட்டு ஊசியால் வாங்கப் பார்ப்பது அவளுக்குச் சும்மா வந்து விழுகிறதே என்பதுதான் எரிச்சல்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாடு ஈன்று நஞ்சுக்கொடி விழுந்ததும் அதை வைக்கோலில் சுருட்டி, துணியில் பொதிந்து, ஊர்க்கோடி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். ஆல் பால்மரம், கீறினால் பால் வடியும். அதுபோல மாட்டுக்கும் மடி சுரக்குமாம். கட்டுகிறவர் இந்துவா, கிறிஸ்தவரா, முஸ்லிமா என்று மரம் கேட்பதில்லை. இருபது முப்பது மூட்டை எப்போதும் தொங்கும். நாய் தின்றுவிட்டால் பால் வற்றிப்போகும் என்பது அதே நம்பிக்கையின் மறுபாதி.

மறுநாள் காலை சவரியம்மாள் தூக்குச்சட்டியில் சீம்பால் கொடுத்தனுப்பினாள். வெல்லம் போட்டு, ஏலக்காய் தட்டிப்போட்டு, கத்தியால் வெட்டலாம் போல இறுகிய சீம்பால். ஜெயராணி ஒரு கரண்டி தின்றாள். ருசியாக இருந்தது. ருசியாக இருந்ததால்தான் அவளுக்குக் கோபம் வந்தது. மிச்சத்தையும் தின்று முடித்துவிட்டு, வாய்க்கால் மேட்டுக்குப் புல் அறுக்கப் போனாள்.

புல்லோடு திரும்பும் வழியில் ஆலமரத்தின் கீழே வண்டியை நிறுத்தினாள். நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட துணியில் ஒரு மூட்டை தாழ்வாகத் தொங்கியது. அந்தத் துணியை அவளுக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்குச் சிதம்பரம் மேலவீதியில் ஏறி இறங்கித் தேடி, சவரியம்மாளுக்கென்று அவளே எடுத்துக்கொடுத்த புடவை. வருஷம்கூடத் திரும்பவில்லை, அதைக் கிழித்து மாட்டுக் கொடியைக் கட்டியிருக்கிறாள். நான் கொடுத்ததற்கு இவ்வளவுதான் மரியாதையா என்று நினைத்தாள். அப்படி நினைக்க ஒரு காரணம் கிடைத்ததில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் புல்லறுக்கும் அரிவாளால் மூட்டையை அறுத்தாள். புல்லுக்கட்டுக்குள் மறைத்து எடுத்துவந்து, தன் கொட்டகைக்குப் பின்னால் ஜானியைக் கூப்பிட்டாள்.

ஜானி, சார்லஸ் கொண்டுவந்த நாய், ஏழெட்டு மாதக் குட்டி. ஜென்மத்தில் கிடைக்காத விருந்து என்று இழுத்து இழுத்துத் தின்றது. தின்று முடிகிறவரை ஜெயராணி பார்த்துக்கொண்டு நின்றாள். புடவைத் துணியை வாய்க்காலில் விட்டாள். வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

இனி செவலையின் பால் வற்றவேண்டியதுதான் என்று காத்திருந்தாள். செவலையோ எட்டு லிட்டரில் ஆரம்பித்துப் பத்து, பன்னிரண்டு என்று ஏறியது. சொசைட்டி செக்ரட்டரி ராஜவேல், ஊரில் எல்லாரும் சவரியம்மாவிடம் மாடு வளர்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வரிசையில் வைத்தே சொன்னான். ஜெயராணிக்குக் கேனைத் தூக்கி அவன் தலையில் ஊற்றலாம் போல இருந்தது. அந்த நாட்களில் ஜானி போரின் மேற்குப் பக்கத்தில், வைக்கோலைக் குடைந்து படுத்துக்கிடந்தது. அங்கேயேதான் அசிங்கமும் பண்ணியது. மேற்குப் பக்கம் ஜெயராணியின் பக்கம். அந்த வைக்கோல்தான் கருப்பிக்கு.

கார்த்திகையில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் பெய்து வெள்ளாறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஐந்தாம் நாள் விடிந்து ஜெயராணி கொட்டகைக்குப் போனபோது கருப்பியின் பின்னால், சேற்றில், பூனை அளவில் ஒன்று கிடந்தது. மயிர் முளைக்காத தோல். திறக்காத கண். மோப்பம் பிடித்துவந்த ஜானியைக் காலால் எட்டி உதைத்துவிட்டு, குனிந்து வாலைத் தூக்கிப் பார்த்தாள். பொட்டைக்கன்றுதான். ஊசி பொய் சொல்லவில்லை.

அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் ஓடிவந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கிவந்த சார்லஸ், குடையோடு வாசலில் நின்றுவிட்டான். சவரியம்மாள் குனிந்து அந்தக் கன்றைத் தொடப்போனாள்.

“தொடாத,” என்றாள் ஜெயராணி. “எல்லாம் ஒன் கண்ணுதான். தெனம் வந்து வந்து எம்மாட்டு வயித்தப் பாத்தியே, அந்தக் கண்ணு. ஒனக்குப் பொட்ட பொறந்துது, எனக்குப் பொறக்கக் கூடாது. அதான வேணும் ஒனக்கு.”

சவரியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். வீட்டுக்குள் போனாள். அரை மணி நேரம் கழித்து ஒரு குண்டான் கேழ்வரகுக் கஞ்சியை வெல்லம் போட்டுக் காய்ச்சி, கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கஞ்சி கருப்பிக்கு. அதன்பிறகு ஜெயராணியோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

கால்நடை மருந்தகத்தில் காயத்ரி என்று ஒரு இளவயது டாக்டரம்மா இருந்தார். போனில் அவர் சொன்னபடி ஜெயராணி, மீன்காரியின் தெர்மாகோல் பெட்டியை வாங்கி, ஐஸ் போட்டு, கன்றையும் கொடியையும் உள்ளே வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டாக்டர் நேரில் வந்து கருப்பிக்கு ரத்தமும் எடுத்தார். லேப்புக்கு அனுப்பி முடிவு வர மூன்று வாரம் ஆனது. கேட்டுவர ஜெயராணி தனியாகத்தான் போனாள்.

கருச்சிதைவு நோய் என்று ஊரில் பயப்படுவார்களே, அது இல்லை என்றார் டாக்டர். இது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி, ஒட்டுண்ணி. மனிதருக்கு ஒன்றும் செய்யாது, சினைமாட்டுக்குத்தான் ஆகாது. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, படித்தவளாயிற்றே என்று விளக்கமாகவே சொன்னார்.

“கன்னு பாதி தாயோடது, பாதி காளையோடது. அப்ப மாட்டு ஒடம்புக்கு அது பாதி வெளியாளுதானே. வெளியாளு யாரு உள்ள வந்தாலும் ஒடம்பு அடிச்சுத் தொரத்தும். ஆனா கன்னு தங்கணுமே, அதுக்காக கொடி இருக்கற எடத்துல மட்டும் அடங்கி இருக்கும். இந்தப் பூச்சி போயி அந்த எடத்துலயே உக்காந்துகிச்சு. ஒடம்பு பூச்சிய அடிக்கணும்னு கெளம்பிடுச்சு. சண்ட நடந்த எடம் கொடி. வீங்கி, அங்கங்க வெந்துபோயிருக்குன்னு லேப்ல எழுதியிருக்காங்க. கொடி வெந்துட்டா கன்னுக்கு ஏது மூச்சு, ஏது சோறு?”

“அப்ப கன்னைக் கொன்னது பூச்சியா மேடம், எம்மாடேவா?”

“ரெண்டும்தான். பூச்சி கன்னுக்குள்ளயும் போயிருக்கு. எதனால எவ்ளோன்னு பிரிச்சுச் சொல்ல பெரிய பெரிய ஆளுங்களே இன்னும் யோசிச்சுகிட்டுதான் இருக்காங்க.” டாக்டர் நோட்டை மூடினார். “வீட்டுல நாய் இருக்கா?”

ஜெயராணி தலையாட்டினாள்.

“மாட்டுக் கொடி, செத்த கன்னு, அந்த மாதிரி ஏதாவது தின்னுச்சா? பூச்சி இருக்கற மாட்டுக் கொடிய நாய் தின்னா, கொஞ்ச நாளைக்கு அது போற எடமெல்லாம் முட்டையாப் போகும். வைக்கோல்ல, தண்ணியில கலக்கும். ஈரம் இருந்தா மாசக்கணக்கா சாகாது. எந்த மாட்டுக் கொடின்னு தெரிஞ்சா அந்த மாட்டுக்கும் ரத்தம் பாக்கலாம். அது வெளிய நல்லாத்தான் இருக்கும், பாலும் நல்லாக் குடுக்கும். பூச்சியோட பழகிப்போயிருக்கும்.”

“அப்படி எதுவும் தின்னல மேடம்,” என்றாள் ஜெயராணி.

நாயைக் கட்டிப்போடுங்கள், அது படுத்த வைக்கோலைச் சினைமாட்டுக்குக் காட்டாதீர்கள், பக்கத்தில் வேறு சினைமாடு இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஜெயராணிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. என் கன்றைத் தின்றது செவலைதான். ராஜவேல் மெச்சுகிற செவலை, சவரியம்மாளின் கைராசிச் செவலை. வெளியே பன்னிரண்டு லிட்டர், உள்ளே பூச்சி. நாலு பேர் முன்னால் நிறுத்தி இதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். இனித்தது. நிறுத்தம் வருவதற்குள் இனிப்பு கசந்துவிட்டது. செவலையின் கொடி மரத்தில் இருந்தது. மரத்தில் இருந்த கொடி நாய் வாய்க்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்கள். செவலையின் குற்றத்தைச் சொல்ல வேண்டுமானால் தன் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். வேறு வழி இல்லை.

வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். சவரியம்மாள் போரின் மேற்குப் பக்கத்தில் வைக்கோல் உருவிக்கொண்டிருந்தாள். கிழக்குப் பக்கம் மழையில் நனைந்து மக்கிவிட்டதாம். இந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளச் சொல்லி அண்ணிக்குச் சார்லஸ்தான் சொன்னானாம். உருவியதைக் கொண்டுபோய் வெள்ளச்சிக்குப் போட்டாள். வெள்ளச்சி அவர்கள் பழைய பசுவின் கிடாரி, தலைச்சினை, ஐந்து மாதம் தாண்டியிருந்தது.

வாயைத் திறந்தால் போதும். ஜெயராணி திறக்கவில்லை. உள்ளே போய் ஜானியைக் கட்டிப்போட்டாள், காப்பி போட்டாள், குடித்தாள். வெள்ளச்சிக்கும் அப்படியே ஆகட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பை அவள் துரத்தவில்லை. ஆளுக்கொன்று போனால் சமம்தானே என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்லி உட்காரவைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கோவிலில் பாவசங்கீர்த்தனம். ஜெயராணியும் வரிசையில் நின்று, முழந்தாளிட்டு, “ஓரகத்தி மேல பொறாமப்பட்டன் சாமி,” என்றாள். பாவத்தின் தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே இருப்பதைச் சொல்லவில்லை. சாமியார் மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார், அந்த அம்மாவிடமும் போய்ப் பேசிவிடு என்றார். மந்திரத்தை மூன்றுக்கு ஆறாகவே சொன்னாள். பேசவில்லை. பாவத்தை மன்னிக்கச் சாமியார் இருக்கிறார், வைக்கோலுக்கு யார் இருக்கிறார்கள்? அது பாட்டுக்கு அங்கேயே ஈரமாகக் கிடந்தது.

திங்கட்கிழமை காலை. ஜெயராணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு சவரியம்மாள் பேசுகிறாள்.

“ஜெயா, செத்த வந்துட்டுப் போறியா. வெள்ளச்சி நேத்துலேருந்து சரியாத் தீனி எடுக்கல. எனக்கு பயமா இருக்குது. நீ டாக்டருகூடல்லாம் நின்னு பாத்தவ. கன்னு உசுரோட இருக்குதான்னு கைய வெச்சுப் பாரேன்.”

ஜெயராணி கையைத் துடைத்துக்கொண்டு போனாள். வெள்ளச்சியின் வலப்பக்க வயிற்றில், டாக்டர் செய்வதுபோல முஷ்டியால் உள்ளே அழுத்திவிட்டு, எடுக்காமல் வைத்திருந்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினாள். உள்ளே விலகிப்போன ஏதோ ஒன்று திரும்பி வந்து அவள் கையில் முட்டியது. தலையோ முழங்காலோ, சின்னதாக, கெட்டியாக முட்டியது. அதற்கு இவள் யார் என்று தெரியாது.

“இருக்குது,” என்றாள். “உசுரோடதான் இருக்குது.”

சவரியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே வைத்திருந்த வைக்கோல் கற்றையை எடுத்து வெள்ளச்சியின் முன்னால் உதறப்போனாள்.

“அதப் போடாதக்கா.”

“ஏன்?”

“ஜானி படுத்த வைக்கோலு அது. அதத் தின்னுதான் கருப்பிக்கு கன்னு கலஞ்சுபோச்சு. டாக்டரு சொல்லிட்டாங்க. ஜானிக்கு அந்தப் பூச்சி செவல கொடியிலேருந்து வந்துருக்கும்.”

“செவல கொடிய மரத்துலல்ல கட்டினம்.”

“நான்தான் அறுத்தாந்து போட்டன்.”

சவரியம்மாள் கையிலிருந்த கற்றை அப்படியே இருந்தது. ஜெயராணி எல்லாவற்றையும் சொன்னாள். சீம்பால் தின்றுவிட்டுப் போனதைச் சொன்னாள். பால் வற்றட்டும் என்று காத்திருந்ததையும், டாக்டரிடம் பொய் சொன்னதையும் சொன்னாள். இந்த வைக்கோலை வெள்ளச்சி தின்பதை ஆறு நாள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அறை விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“பொடவைய என்னா பண்ண?” என்று கேட்டாள் சவரியம்மாள்.

“வாய்க்கால்ல வுட்டுட்டன்.”

“ரெண்டு வாட்டிதான் கட்டினன் அத. கிழிக்க மனசே வரல. ஒன் மாமாகூட திட்டினாரு. நான்தான், ஜெயா வாங்கிக் குடுத்தது, அவ கையில மாட்டு ராசி இருக்குது, அதுல கட்டினாத்தான் இந்தக் கட்டிலுக்கும் கருப்பியாட்டம் மடி எறங்கும்னு கிழிச்சன்.” கற்றையைக் கீழே போட்டாள். “கருப்பியப் பாத்து நானும்தான் ஏங்கியிருக்கன். நான் என்னா மரமா?”

ஜெயராணி அழுதாள். “மன்னிச்சுடுக்கா.”

“மன்னிக்கிறதெல்லாம் சாமியாரு வேல. நீ போயி போரப் பிரிக்கிற வழியப் பாரு.”

அன்று முழுக்க இரண்டு பேரும் மேற்குப் பக்கத்தைப் பிரித்துக் கட்டுக்கட்டாகத் திடலுக்குச் சுமந்தார்கள். ஈர வைக்கோல் எளிதில் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றியும் சாயங்காலம்வரை புகைதான் வந்தது. இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. புகையாலா வேறெதாலா என்று யாரும் கேட்கவில்லை. தொட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். டாக்டர் வந்து மூன்று மாட்டுக்கும் செவலையின் கன்றுக்கும் ரத்தம் எடுத்தார். வெள்ளச்சிக்கு ஒன்றும் இல்லை, செவலைக்கு இருந்தது, கன்றுக்கும் இருந்தது. கன்றைச் சினைக்கு விடவேண்டாம் என்றார் டாக்டர். சவரியம்மாள் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டே, “அப்ப ஒன் கன்னுக்கு எம்மாடுதான் எமனா வந்துருக்குது,” என்று மெதுவாகச் சொன்னாள். பஸ்ஸில் ஜெயராணி ஆசைப்பட்ட அதே வார்த்தை. இப்போது காதில் விழும்போது ஒரு துளி இனிப்பும் இல்லை.

அதற்கப்புறம் பேச்சு என்றால் தேவைக்குப் பேச்சுதான். பொங்கலுக்குச் சர்க்கரைப்பொங்கல் வரவில்லை. கருவாட்டுக் குழம்பின் வாசனை வரும், கிண்ணம் வராது. சொசைட்டி வரிசையில் சவரியம்மாள் இரண்டு ஆள் தள்ளி நின்றாள்.

பங்குனி வெயிலில், மத்தியான நேரத்தில் வெள்ளச்சி ஈன்றது. சவரியம்மாள் கொட்டகைக்குள்ளிருந்து வெளியே வந்து, ஒரு கடப்பாரையையும் மண்வெட்டியையும் ஜெயராணியின் காலடியில் போட்டாள். கொடியைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மரத்தில் கட்டாத கொடிக்குப் பால் எப்படி இறங்கும் என்று அந்தோணிசாமி முனகினார்.

“மரத்துல கட்டினா அறுக்க ஆளு இருக்குதே,” என்றாள் சவரியம்மாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஜெயராணி கடப்பாரையை எடுத்தாள். வேலியோரம் மண் இறுகிக்கிடந்தது. முழங்கால் ஆழம் போனபோது உள்ளே கன்று கத்தும் சத்தம் கேட்டது.

“என்னா கன்னுக்கா?” என்று கேட்டாள்.

“பொட்ட.”

ஜெயராணிக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, குழியை இன்னும் ஒரு முழம் ஆழமாகத் தோண்டினாள்.